டாங்கி செயின் மின்னுகிறதே!

கேள்வி: ரிமோட் டாங்கிக்கு உலோகச் செயின் மாட்டினேன், புது எவர்சில்வர் தட்டு போல மின்னுகிறது. பெயின்ட் அடித்தாலும் ஓட்டியதும் உரிந்துவிடுகிறது. நிலையாகக் கறுப்பாக்க வழி உண்டா?
- வாசகர், செங்கோட்டை

பதில்: உண்டு. முதலில் கண்ணியின் உடம்பில் காந்தம் வைத்துப் பாருங்கள், கண்ணிகளைக் கோக்கும் ஊசியில் வேண்டாம், அது பெரும்பாலும் இரும்புதான். ஒட்டவில்லை என்றால் அநேகமாகத் துத்தநாகக் கலவை. அதற்கு ஃபெரிக் குளோரைடு போதும், சர்க்யூட் போர்டில் செம்பை அரிக்க எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கிறார்களே, அதேதான்.

எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது, பாத்திரம் கழுவும் சோப்பில் பிரஷ் போட்டுத் தேய்த்து அசிட்டோனிலும் அலசிவிடுங்கள், திட்டுத்திட்டாகக் கறுப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தப் பிசுக்குதான். அப்புறம் பிளாஸ்டிக் டப்பில் (அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது) தண்ணீர் ஊற்றி, அதில் கரைசலைக் கொஞ்சமாகக் கலந்து, ஒரே ஒரு கண்ணியைப் போட்டுப் பாருங்கள். நுரைத்துச் சூடாகும், ஆவி வரும், அதனால் திறந்த வெளியில் கையுறை, கண்ணாடியோடு செய்யுங்கள். துணியில் பட்ட கறை போகாது, வீட்டில் திட்டு நிச்சயம்!

நிறம் வந்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் முக்கி, நன்றாகக் கழுவி, உடனே காயவைத்து லேசாக எண்ணெய் தடவுங்கள். உங்கள் ஊர்ச் சாரலில் ஊசிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். மீந்த கரைசலை வாய்க்காலில் கொட்டாதீர்கள். தரையில் உரசும் முனைகள் மறுபடி வெளுக்கும், விடுங்கள், நிஜ டாங்கியிலும் அப்படித்தான்.