வண்டி உங்களுடையது, சார்ஜர் உங்களுடையது, கரண்ட் யாருடையது?

அம்பத்தூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஐ.டி. கம்பெனி ஊழியர்களை ஏற்றி இறக்க 28 மின்சாரக் கார்கள் ஓட்டுகிறார். 2023-ல் ஒரு லேத் பட்டறையை ஒட்டிய ஆறு கிரவுண்டு காலி மனையை ஐந்து வருடத்துக்கு வாடகைக்குப் பிடித்து, நூறு ரூபாய் பத்திரத்தில் எழுதி, பதிவு செய்யாமல் விட்டு, தகரக் கூரை, 12 ஏ.சி. சார்ஜர், இரண்டு டி.சி. ஃபாஸ்ட் சார்ஜர் என்று 34 லட்சம் போட்டிருக்கிறார். பட்டறையும் மனை உரிமையாளருடையதே. கரண்ட் அங்கிருந்துதான் வருகிறது. சப் மீட்டர் பார்த்து மாதாமாதம் அவரிடமே பணம் கொடுக்கிறார். இப்போது உரிமையாளர் வாடகையை இரண்டு மடங்காக்கு, இல்லையென்றால் மாதக் கடைசியில் காலி செய் என்கிறார். போன வாரம் ஒரு ராத்திரி மெயினை இறக்கிவிட்டார். விடியற்காலை ஷிப்டுக்கு 19 வண்டிகள் கிளம்பவில்லை, கிளையண்ட் அபராதம் போட்டுவிட்டது. மோசடி கேஸ் போடலாமா, ஸ்டே வாங்கலாமா, போட்ட பணத்தை வசூலிக்கலாமா என்று கேட்கிறார்.

நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், முழுதும் படித்தேன். அண்ணே அண்ணே என்று பழகியது, அவர் மகள் கல்யாணத்துக்குப் பத்து வண்டி இலவசமாக ஓட்டியது, "இது உன் இடம் மாதிரி" என்று அவர் சொன்னது, இப்போது வேறொரு சார்ஜிங் கம்பெனி அதிக வாடகை தருகிறது என்றதும் மாறிவிட்டது. உங்கள் வருத்தம் நியாயம்தான். ஆனால் இதில் எதை வைத்தும் கோர்ட்டில் ஒரு அடிகூட நகர முடியாது. மோசடி என்றால் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். இரண்டு வருடம் ஒழுங்காக இடம் கொடுத்தவர் மேல் அது நிற்காது, ஸ்டேஷனில் "சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுவார்கள். அதை விடுங்கள்.

பத்திரத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவாக வேண்டும். பதிவாகாவிட்டால் ஐந்து வருடம் என்ற ஷரத்து உங்களைக் காப்பாற்றாது. வாடகை கொடுத்து இடத்தில் இருப்பதால் நீங்கள் மாத வாடகைதாரர், அவ்வளவுதான். உச்ச நீதிமன்றம் 2000-ல் ஆந்தனி எதிர் இட்டூப் வழக்கில் சொன்னது இதைத்தான். மாத வாடகைதாரருக்குச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 106-வது பிரிவின்படி 15 நாள் நோட்டீஸ் போதும். உற்பத்திக்கான குத்தகைக்கு ஆறு மாத நோட்டீஸ் உண்டே, இது தொழிற்பேட்டைப் பகுதிதானே என்று கேட்டிருக்கிறீர்கள். பகுதியைப் பார்க்க மாட்டார்கள், நீங்கள் அந்த மனையில் என்ன செய்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். வண்டி நிறுத்தி சார்ஜ் ஏற்றுவது உற்பத்தி ஆகாது.

இதெல்லாம்கூடச் சமாளிக்கக் கூடியதுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது நீங்கள் அனுப்பிய ஐந்தாவது போட்டோ. உங்கள் 34 லட்சத்தைக் காட்டுவதற்காகச் சார்ஜர் வரிசையை எடுத்திருக்கிறீர்கள். அதன் இடது ஓரத்தில், காம்பவுண்டு சுவரில் இரண்டு செங்கல் எடுத்த ஓட்டை, அது வழியாகப் பட்டறைப் பக்கமிருந்து கறுப்பு ஆர்மர்டு கேபிள் ஒன்று இறங்கி உங்கள் பேனலுக்குப் போகிறது. உங்கள் வழக்கே அந்த ஓட்டைதான்.

அந்த இணைப்பு யார் பெயரில்? அவர் பெயரில். எதற்குக் கொடுத்தது? நீங்கள் இணைத்த பில்லிலேயே 3-பி என்று இருக்கிறது, அதாவது தொழிற்சாலைக் கட்டணம், லேத் ஓட்டக் கொடுத்தது. எந்த இடத்துக்கு? பட்டறைக் கட்டடத்துக்கு, பக்கத்து மனைக்கு அல்ல. அனுமதித்த லோடு 45 கிலோவாட். உங்கள் சார்ஜர்களின் பெயர்ப்பலகையில் உள்ள கிலோவாட்டைக் கூட்டினாலே 149 வருகிறது. மின்சாரச் சட்டம் 2003, 126-வது பிரிவு, 'அனுமதியற்ற மின் உபயோகம்'. அனுமதித்த நோக்கத்துக்கு அல்லாமல் வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்துவது அதில் வரும், அனுமதித்த இடத்துக்கு அல்லாமல் வேறு இடத்துக்கு எடுத்துப் போவதும் வரும். கூடுதல் லோடும் வரும் என்று 2011-ல் சீதாராம் ரைஸ் மில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2022 டிசம்பரில் கேரள மின்வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில் அதை மறுபடி உறுதி செய்தது. மூன்றிலும் நீங்கள் மாட்டுகிறீர்கள்.

"நான் யூனிட் கணக்கில் பணம் கொடுத்துவிட்டேனே, திருடவில்லையே" என்பீர்கள். திருட்டு 135-வது பிரிவு, அது வேறு. 126-க்குத் திருட்டு எண்ணமே தேவையில்லை. "இணைப்பு அவர் பெயரில், அவர்தானே கட்ட வேண்டும்" என்றும் சொல்லாதீர்கள். அந்த உபயோகத்தால் பலனடைந்த வேறு எவர் மேலும் கணக்குப் போடலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. பலனடைந்தது 28 கார்கள்.

தொகையைப் பார்ப்போம். ஒரு வண்டிக்கு நாளைக்கு 20 யூனிட், மாதம் 26 நாள் என்றால் சுமார் 14,500 யூனிட். பொருந்தும் கட்டணத்தின் இரண்டு மடங்கில் மதிப்பிடுவார்கள். பேச்சுக்கு யூனிட் ஒன்பது ரூபாய் என்று வைத்தால்கூட 12 மாதத்துக்கு 31 லட்சம். ஏற்கெனவே கட்டியதைக் கழிக்கச் சொல்லி வாதாடலாம், கழித்தாலும் வலிக்கும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. எவ்வளவு காலமாக உபயோகம் நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால்தான் 12 மாதம் என்ற வரம்பு. உங்கள் சார்ஜர்கள் ஆப்பில் இணைந்தவை. முதல் நாள் முதல் வண்டி எத்தனை மணிக்குச் செருகினது, எத்தனை யூனிட் ஏறினது என்று எல்லாம் அதில் இருக்கிறது. கடிதத்தோடு அந்த ரிப்போர்ட்டையே பெருமையாக இணைத்திருக்கிறீர்கள். இரண்டு வருடக் கணக்கை நீங்களே தயார் செய்து வைத்திருக்கிறீர்கள்.

இப்போது ஸ்டேக்கு வருவோம். பலவந்தமாக வெளியேற்றக் கூடாது என்று உறுத்துக்கட்டளை கேட்டால் கிடைக்கலாம், அந்த அளவு உரிமை மாத வாடகைதாரருக்கும் உண்டு. ஆனால் உங்களுக்கு வேண்டியது இடம் மட்டும் இல்லையே, கரண்ட். அதைக் கேட்க வேண்டுமென்றால் மனுவில் என்ன எழுதுவீர்கள்? "பிரதிவாதியின் பட்டறை இணைப்பிலிருந்து வாதியின் மனைக்கு வந்துகொண்டிருந்த மின்சாரத்தைப் பிரதிவாதி துண்டித்தார்." கையெழுத்துப் போட்டு, சத்தியப் பிரமாணத்தோடு தாக்கல் செய்த ஒப்புதல் வாக்குமூலம் அது. அதைப் படித்துவிட்டு எந்த நீதிபதியும் அந்தக் கேபிளை மறுபடி மாட்டச் சொல்ல மாட்டார்.

என்னிடம் வந்த ஒருவர் கதையைச் சொல்கிறேன். மின்சார லோடு ஆட்டோக்கள் வைத்து டெலிவரி எடுத்துச் செய்பவர், இதே மாதிரி ஏற்பாடு, இதே மாதிரி சண்டை. கோபத்தில் வேறொரு வக்கீலை வைத்து எட்டுப் பக்க நோட்டீஸ் விட்டார். அதில் மின்சாரத்தை நிறுத்தியதற்கு நஷ்ட ஈடு வேறு. எதிர்த்தரப்பு வக்கீல் பதில் எழுதி, நகலை மின்வாரிய உதவிச் செயற்பொறியாளருக்கு அனுப்பிவிட்டார். பத்து நாளில் விடியற்காலை நாலு மணிக்கு ஆய்வுக்கு வந்தார்கள், எல்லா ஆட்டோவும் செருகி இருக்கும் நேரம். சார்ஜர் ஒவ்வொன்றையும் எண்ணி, கிலோவாட்டைப் பெயர்ப்பலகையில் பார்த்து எழுதினார்கள். இரவுக் காவலுக்கு இருந்த பையன், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் மகஜரில் கையெழுத்துப் போட்டான். என்னிடம் வந்தபோது இறுதி உத்தரவு வந்து 26 நாள் ஆகியிருந்தது. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான், அதற்கும் மதிப்பிட்ட தொகையில் பாதியை முன்கூட்டியே கட்ட வேண்டும். சிவில் கோர்ட்டுக்குப் போக 145-வது பிரிவு வழியை அடைத்திருக்கிறது. நாலு நாளில் பாதிப் பணம் புரட்ட அவர் ஆறு ஆட்டோவை விற்றார். வாடகைத் தகராறு எங்கே போனது என்றே யாருக்கும் நினைவில்லை.

உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். நோட்டீஸ் விடாதீர்கள். சமாதானமாகப் போங்கள்.

பலமில்லாமல் பேசப் போவதாக நினைக்க வேண்டாம். இணைப்பு அவர் பெயரில், சப் மீட்டர் வைத்து காசு வாங்கியவர் அவர், ஆய்வு வந்தால் லேத்தும் நிற்கும். அவருடைய வக்கீல் கொஞ்சம் விவரமானவர் என்றால் இதை அவரிடம் சொல்லியிருப்பார். ஆனால் நீங்கள் அதை வாயால் சொல்லாதீர்கள், முக்கியமாக வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். "ஈபி-யில் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டிப் பேரம் பேசினால் மிரட்டிப் பறித்தல் என்று உங்கள் மேல் புகார் வரும், அது உங்களுக்குத் தேவையில்லாத இன்னொரு தலைவலி.

பேசப் போவதற்கு முன்னால் அந்தக் கேபிளைக் கழற்றுங்கள். இன்றைக்கே, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து. கொஞ்ச நாள் வண்டிகளைப் பொது சார்ஜிங் நிலையங்களில் ஏற்றுங்கள். யூனிட்டுக்குக் கூடுதலாகும், டிரைவர்கள் முணுமுணுப்பார்கள், ஷிப்டை மாற்றி அமைக்க வேண்டியிருக்கும். கிளையண்டிடம் இரண்டு மாதம் நேரத் தளர்வு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய உபயோகத்துக்கான பொறுப்பு இதனால் போய்விடாது, ஆனால் தினமும் வளர்ந்துகொண்டிருப்பது நிற்கும்.

அப்புறம் உட்கார்ந்து பேசுங்கள். உரிமையாளர் பதிவுக் குத்தகைக்கும், உங்கள் கம்பெனி பெயரில் தனி இணைப்பு வாங்கச் சம்மதக் கடிதத்துக்கும், டிரான்ஸ்பார்மர் வைக்க இடத்துக்கும் ஒத்துக்கொண்டால் வாடகையில் முப்பது சதவீதம்வரை ஏற்றிக் கொடுக்கலாம். மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் அங்கே இருக்காதீர்கள். ஆறு மாத அவகாசம், அட்வான்ஸைக் கடைசி மாத வாடகைகளில் கழித்துக்கொள்வது, சார்ஜர், கூரை, கேபிள் எல்லாவற்றையும் நீங்கள் எடுத்துப் போகலாம் என்று எழுத்து, இருதரப்பும் பழையது எதையும் கிளறுவதில்லை என்று எழுத்து. இதை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். கான்கிரீட் அடித்தளத்துக்கும் வயரிங் கூலிக்கும் போட்ட பணம் போனதுதான், அதை வசூலிக்கக் கணக்குப் போடாதீர்கள்.

அடுத்த இடம் பார்க்கும்போது வரிசையை மாற்றுங்கள். நீங்கள் முதலில் கார் வாங்கினீர்கள், பிறகு சார்ஜர், பிறகு இடம், கடைசியில் கரண்ட் எங்கிருந்து என்று யோசித்தீர்கள். முதலில் அந்தத் தெருவில் எவ்வளவு லோடு கிடைக்கும் என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள். சொந்த வண்டிகளுக்கு சார்ஜ் ஏற்ற மின்வினியோக உரிமம் எதுவும் வேண்டாம், வெளியாருக்கு ஏற்றுவதே மின் விற்பனை ஆகாது என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலிலேயே தெளிவாக்கிவிட்டது. வேண்டியது உங்கள் பெயரில் ஒரு முறையான இணைப்பு. மின்சாரச் சட்டம் 43-வது பிரிவில் இணைப்புக் கேட்கும் உரிமை உரிமையாளருக்கு மட்டுமல்ல, இடத்தை அனுபவிப்பவருக்கும் உண்டு. ஆனால் அனுபவிப்பதற்கு ஆதாரம் கேட்பார்கள், அங்கேதான் பதிவான குத்தகை கைகொடுக்கும். ஐந்து வருடக் குத்தகையைப் பதிவு செய்ய ஆகும் செலவு ஒரு டி.சி. சார்ஜரின் விலையில் சிறு பங்குதான். அதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் இவ்வளவும்.

ஒன்று விட்டுப்போனது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 108-வது பிரிவின்படி, மண்ணில் நீங்கள் பொருத்தியவற்றைக் கழற்றி எடுக்கும் உரிமை இடம் உங்கள் அனுபவத்தில் இருக்கும்வரைதான், அதற்குப் பிறகு இல்லை. எடுத்தபின் மனையைப் பழைய நிலையில் விட வேண்டும். உரிமையாளர் "சாவியைக் கொடு, சாமானை அப்புறம் வந்து எடுத்துக்கொள்" என்று இனிமையாகப் பேசலாம். கடைசி சார்ஜர் லாரியில் ஏறி, சுவர் ஓட்டையைக் கொத்தனார் பூசி முடிக்கும்வரை சாவி உங்கள் பையிலேயே இருக்கட்டும்.