நோயாளியின் வாயை உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள்

பல் மருத்துவத் துறையில் பணிபுரியும் வாசகர்களின் கேள்விகளுக்கு மூத்த பல் மருத்துவர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: தருமபுரி மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் பதினோரு ஆண்டுகளாகத் தனியாகப் பல் மருத்துவமனை நடத்தி வருகிறேன். காலை பத்து முதல் ஒன்று வரையும், மாலை ஐந்து முதல் ஒன்பது வரையும் இடைவிடாமல் நோயாளிகள் வருகிறார்கள். கழுத்திலும் வலது தோளிலும் தீராத வலி இருக்கிறது. இரண்டு மாதங்களாக, வலது கையின் கட்டைவிரலும் அதை அடுத்த இரண்டு விரல்களும் விடியற்காலையில் மரத்துப்போய் விழிப்பு வந்துவிடுகிறது. கையை உதறினால் சரியாகிறது. யோகா வகுப்பில் சேரலாம் என்றால் அதற்கும் நேரம் இல்லை. என்ன செய்வது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புச் சகோதரி, வகுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், விரல்களை முதலில் கவனியுங்கள். நீங்கள் சொல்லும் மூன்று விரல்களும் இரவில் மரத்து, உதறியதும் தெளிவது, மணிக்கட்டுக்குள் நரம்பு அழுந்தும் கார்ப்பல் டனல் கோளாறின் வழக்கமான அறிகுறி. கழுத்தில் நரம்பு அழுந்தினாலும் கை மரக்கும் என்பதால், வலி மாத்திரையை நீங்களே எழுதிக்கொள்ளாமல், நரம்பியல் மருத்துவரிடம் காட்டி நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரை, தைராய்டு அளவுகளையும் பார்த்துவிடுங்கள். இரண்டுமே இந்தக் கோளாறோடு தொடர்புடையவை. கட்டைவிரலின் அடித்தசை மெலியும் வரை காத்திருந்தால், சிகிச்சைக்குப் பிறகும் பிடிமானம் முழுமையாகத் திரும்பாமல் போகலாம். நம் தொழிலுக்கு அந்தப் பிடிமானமே முதல்.

அடுத்தது நீங்கள் அமரும் விதம். என் நாற்பதாவது வயதில் கழுத்தைத் திருப்ப முடியாமல் மூன்று வாரங்கள் மருத்துவமனையைப் பூட்டி வைத்திருந்தேன். பல்லைப் பார்ப்பதற்காக அத்தனை ஆண்டுகளும் நான்தான் குனிந்துகொண்டிருந்தேன் என்பதும், நோயாளியின் வாயை என் பக்கம் கொண்டுவர ஒருபோதும் முயலவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. மேல்தாடையில் வேலை செய்யும்போது நோயாளியை முழுவதுமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, முகவாயைச் சற்று உயர்த்தச் சொல்லுங்கள். கீழ்த்தாடைக்கு முதுகுப் பகுதியைக் கொஞ்சம் உயர்த்தி, முகவாயைத் தாழ்த்தச் சொல்லுங்கள். நோயாளியின் வாய் உங்கள் முழங்கை மட்டத்திலோ சிறிது மேலேயோ இருக்கட்டும். பக்கவாட்டில் அமர்ந்து இடுப்பைத் திருகுவதை விட்டுவிட்டு, கடிகார முள்ளின் பதினோராம், பன்னிரண்டாம் மணி நிலையில், அதாவது நோயாளியின் தலைக்குப் பின்னால், அமர்ந்து பழகுங்கள். மேல் கடைவாய்ப் பற்களை வாய்க் கண்ணாடியில் பார்த்தே வேலை செய்யக் கல்லூரியில் கற்றோம். கூட்டம் பெருகிய பிறகு அந்தப் பொறுமையை இழந்து, நேராகப் பார்ப்பதற்காகக் கழுத்தை வளைக்கிறோம். இரண்டு வாரம் சிரமப்பட்டால் அந்தப் பழக்கம் மீண்டும் கைக்கு வந்துவிடும்.

சிற்றூர்களில் வயதான பெண்கள், முன்பின் தெரியாத இடத்தில் முழுவதுமாகப் படுக்கக் கூச்சப்படுவார்கள். ஒரு துண்டையோ மெல்லிய போர்வையையோ போர்த்தி, இப்படிப் படுத்தால் சீக்கிரம் முடியும் என்று சொன்னால் பெரும்பாலோர் இசைவார்கள். மூச்சிரைப்பு உள்ளவர்களையும் நிறைமாதக் கர்ப்பிணிகளையும் மட்டும் மல்லாக்கப் படுக்கவைக்கக் கூடாது.

உருப்பெருக்கிக் கண்ணாடியான லூப்ஸ் வாங்குவதாக இருந்தால், நிமிர்ந்து அமர்ந்த நிலையில் உங்களுக்கென்று அளவெடுத்து வாங்குங்கள். பார்வை கீழ்நோக்கிச் சாயும் கோணம் போதாத கண்ணாடி கழுத்தை இன்னும் கூடுதலாகக் குனியவைக்கும். கட்டைவிரலின் அடியை இறுக்கும் கையுறையையும், முனை மழுங்கிய ஸ்கேலரையும் இன்றே மாற்றுங்கள். மழுங்கிய கருவியை வைத்துக் கறை சுரண்டும் ஒவ்வொரு முறையும் விரல்கள் தேவைக்கு மேல் அழுத்துகின்றன.

நேரம் இல்லை என்கிறீர்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முன்பதிவு நோட்டில் அந்த நேரத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். அசையாமல் ஒரே நிலையில் இறுகியிருக்கும் தசைக்கு இரத்த ஓட்டம் குறைகிறது. அதனால் மாலையில் ஒரு மணி நேரம் செய்யும் பயிற்சியைவிட, வேலைக்கு நடுவே எடுக்கும் ஒரு நிமிட ஓய்வு அந்தத் தசைக்கு உடனே உதவும். இரண்டு வேர் சிகிச்சைகளை அடுத்தடுத்து வைக்காமல், நடுவில் எளிதான ஒரு வேலையை வையுங்கள். மாலையில் ஏழு மணிக்கு எதிரே பத்து நிமிடத்தை ஒரு நோயாளியின் பெயரைப்போல எழுதிவைத்து, உதவியாளரிடமும் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் எழுந்து தோளைப் பின்னுக்குச் சுழற்றுங்கள், தண்ணீர் குடியுங்கள், கழிப்பறைக்குச் செல்லுங்கள். கடைசியாகச் சொன்னதைக் கூச்சத்தோடு தள்ளிப்போட்டு, சிறுநீர்த் தொற்றால் அவதிப்பட்ட பெண் மருத்துவர்கள் பலரை நான் அறிவேன்.

கேள்வி: நான் பல் மருத்துவமனையில் உதவியாளர். கருவிகளைக் கழுவும்போது இரண்டு முறை ஊசி குத்திவிட்டது. டாக்டரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது. (ஒரு வாசகி, சேலம்)

பதில்: தங்கையே, பயப்படாமல் இன்றே சொல்லுங்கள். ஊசி குத்தினால் காயத்தைப் பிதுக்காமல், சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவ வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையா என்பதை அரசு மருத்துவமனையில் உடனே கேட்க வேண்டும். தேவைப்பட்டால் சில மணி நேரத்திற்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்திற்குள் தொடங்கி, 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். உங்களுக்கு நடந்தது அந்தக் காலத்தைக் கடந்திருந்தாலும் இரத்தப் பரிசோதனை அவசியம். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிரான தடுப்பூசி 0, 1, 6 ஆகிய மாதங்களில் மூன்று தவணையாகப் போடப்படும். கடைசித் தவணைக்கு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து, எதிர்ப்புச் சக்தி உருவாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். இந்தச் செலவை ஏற்பது மருத்துவமனை நடத்துபவரின் கடமை என்பது என் உறுதியான கருத்து. கருவி கழுவுவதற்குத் தடித்த ரப்பர் கையுறையைக் கேட்டு வாங்குங்கள். ஊசியைக் கருவிகளோடு கழுவுமிடத்துக்கு அனுப்பாமல், வேலை முடிந்ததும் மருத்துவரே அப்புறப்படுத்திவிட வேண்டும்.

கேள்வி: என் மனைவி பல் மருத்துவர். இரவு வீடு திரும்பினால் யாரோடும் பேசுவதில்லை. நோயாளிகளைப் பற்றிக் கேட்டாலே எரிச்சல் அடைகிறார். (ஒரு வாசகர், மதுரை)

பதில்: நாள் முழுவதும் அழும் குழந்தைகளையும் அஞ்சி நடுங்கும் பெரியவர்களையும் தேற்றி, பல்லைக் குடையும் கருவியான ஏரோட்டாரின் கிறீச்சொலியைக் காதருகே கேட்டுவிட்டு வருபவருக்கு, முதல் அரை மணி நேர மௌனம் தேவையாக இருக்கலாம். அதைக் குறையாக எண்ணாதீர்கள். ஆனால் தீராத சோர்வு, தொழிலின்மேல் வெறுப்பு, தன் வேலை பயனற்றது என்ற எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்தால், அதை உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் பணிச்சூழல் சார்ந்த சோர்வு நிலை என்று வரையறுத்துள்ளது. வாரத்தில் இரண்டு மாலைகளாவது மருத்துவமனையை மூட முடியுமா என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்; வங்கிக் கடன் தவணைக்காகத்தான் அவர் ஓடுகிறார் என்றால், அந்தச் சுமையில் உங்கள் பங்கு என்ன என்பதையும் பேசுங்கள். தூக்கம் கெட்டாலோ, காரணமின்றி அழுதாலோ, வாழ்வதில் பயனில்லை என்று சொன்னாலோ தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவானாலும் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.