பெயர் அதேதான், ஃபோல்டர்தான் வேறு

கேள்வி: லினக்ஸில் 'பில்ட்' என்ற ஃபோல்டருக்குள் ஒரு டெர்மினலைத் திறந்து வைத்திருக்கிறேன். இன்னொரு டெர்மினலில் ஓடும் ஸ்கிரிப்ட் அந்த ஃபோல்டரை அழித்து, அதே பெயரில் திரும்ப உருவாக்கி ஃபைல்களைப் போடுகிறது. முதல் டெர்மினலில் எல்எஸ் (ஃபைல் பட்டியலைக் காட்டும் கமாண்ட்) அடித்தால் ஒன்றுமே வருவதில்லை. புது ஃபைல் உருவாக்கப் போனால், அப்படி ஃபைலோ டைரக்டரியோ இல்லை என்கிறது. ப்ராம்ப்டில் பாதை சரியாகத்தான் தெரிகிறது. டிஸ்க் பழுதாகிவிட்டதா?

பதில்: டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, பயப்படாதீர்கள். முதல் டெர்மினலில் சிடி (ஃபோல்டர் மாறும் கமாண்ட்) என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஒரு புள்ளி வைத்து என்டர் தட்டுங்கள். இப்போது எல்எஸ் கொடுத்தால் ஃபைல்கள் வந்துவிடும்.

அதுவரை நீங்கள் நின்றது பழைய ஃபோல்டரில். நீங்கள் உள்ளே நுழையும்போது மட்டும்தான் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பாதையைப் படிக்கிறது. அதன் பிறகு அது பிடித்து வைத்திருப்பது ஐநோடை, அதாவது டிஸ்கில் ஃபோல்டருக்கென்று உள்ள, எண் கொண்ட பதிவை; பெயரை அல்ல. ஃபோல்டரை அழித்தால் மேல் ஃபோல்டரின் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். ஆனால் உங்கள் ஷெல் (டெர்மினலில் கமாண்ட்களை வாங்கி ஓட்டும் ப்ரோக்ராம்) உள்ளே இருக்கும் வரை ஐநோட் உயிரோடு இருக்கும். அதற்குள் புதிதாக எதையும் உருவாக்கக் கெர்னல் விடாது. ஸ்கிரிப்ட் உருவாக்கியது வேறு ஐநோட். பெயர் ஒன்று, ஆள் வேறு.

சந்தேகம் இருந்தால், அடுத்த முறை சிக்கும்போது சிடி போடுவதற்கு முன் எல்எஸ்ஸுடன் 'டிஐ' ஆப்ஷன் சேர்த்து, புள்ளியையும் முழுப் பாதையையும் ஒன்றாகக் கொடுத்துப் பாருங்கள். ஒரே இடம் என்று நினைத்ததற்கு இரண்டு வெவ்வேறு ஐநோட் எண்கள் வரும். எனக்கு எந்த விளக்கத்தையும்விட இந்த இரண்டு எண்கள்தான் விஷயத்தைப் புரியவைத்தன.

சரி, சிடி புள்ளி எப்படி வேலை செய்கிறது? ப்ராம்ப்டில் தெரியும் பாதை, பாஷ் என்ற ஷெல் எழுத்தாக நினைவில் வைத்திருப்பது. சிடி சொன்னதும் அந்த எழுத்தை வைத்துப் புதிதாகத் தேடிப் போகிறது; புது ஃபோல்டர் கிடைத்துவிடுகிறது. சிம்லிங்க்கும் (வேறொரு ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழி) இப்படித்தான். அது பாதையை மட்டுமே எழுதி வைத்திருப்பதால் தானாகவே புது ஃபோல்டருக்குப் போய்விடும்.

ப்ரோக்ராம்களைக் கன்டெய்னர் என்ற தனிச் சூழலுக்குள் ஓட்டும் டாக்கரில் இதே விஷயம் இன்னும் அதிகமாகப் படுத்தும். ஹோஸ்டில் (கன்டெய்னர் ஓடும் கணினி) உள்ள ஃபோல்டரை கன்டெய்னருக்குள்ளும் தெரியும்படி பைண்ட் மவுண்ட் செய்துவிட்டு, ஹோஸ்டில் அதை அழித்து மறுபடி உருவாக்கினால், கன்டெய்னருக்குள் பழைய காலி ஃபோல்டர்தான் தெரியும். கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். விண்டோஸில் இந்தக் குழப்பம் பெரும்பாலும் வராது. கமாண்ட் ப்ராம்ப்ட் ஒரு ஃபோல்டருக்குள் நின்றால், வேறு ப்ராசஸ் பயன்படுத்துகிறது என்று சொல்லி அதை அழிக்கவே விடாது.

நிரந்தரத் தீர்வு உங்கள் ஸ்கிரிப்டில் இருக்கிறது. ஃபோல்டரை அழிக்காமல், உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்யச் சொல்லுங்கள். அதற்கு நட்சத்திரக் குறி போட்டு அழித்தால் புள்ளியில் தொடங்கும் ஃபைல்கள் அப்படியே தங்கிவிடும். ஃபைண்ட் கமாண்டில் பாதையை முதலில் கொடுத்து, மின்டெப்த் 1, அப்புறம் டெலிட் என்ற வரிசையில் எழுதுங்கள். டெலிட்டைக் கடைசியில் வைப்பது நல்லது. மின்டெப்த்தை விட்டுவிட்டால் ஃபோல்டரும் சேர்ந்து போய்விடும்.