கஷ்டத்தில் அழுகை வந்தால் விசுவாசம் குறைவு என்று அர்த்தமா?

“துன்பத்திலும் சந்தோஷமாயிருக்க வேதம் சொல்கிறது, எனக்கோ அழுகைதான் வருகிறது, என் விசுவாசத்தில் குறையா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

குறை இல்லை. இறந்துபோன தம் நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார்.

என் கணவர் பக்கவாதத்தில் படுத்து ஐந்து வருடமாகிறது. முதல் ஆறு மாதம் நான் ஒழுங்காக ஜெபித்ததே இல்லை. முழங்காலில் நின்றால் ‘ஏன்’ என்ற ஒரு வார்த்தைதான் வரும். பார்க்க வந்த ஒருவர், “ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே இருங்கள், எல்லாம் சரியாகிவிடும்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அன்று இரவு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அப்புறம் வேதத்திலுள்ள ஜெபப் பாடல்களான சங்கீதங்களை முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். 13-ஆம் சங்கீதத்தின் முதல் வரியே, “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று இருந்தது. 88-ஆம் சங்கீதம் கடைசிவரை இருளிலேயே கிடக்கிறது, துதிக்குத் திரும்புவதே இல்லை. இப்படிப்பட்ட முறையீடுகளுக்கும் வேதத்தில் இடம் இருக்கிறதென்றால் என் ‘ஏன்’ மட்டும் எப்படி ஜெபமில்லாமல் போகும்? அன்றிலிருந்து அதையே தயங்காமல் ஜெபமாகச் சொன்னேன்.

நீங்கள் குறிப்பிடும் வசனம் பிலிப்பியர் 4:4, “கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்.” அப்போஸ்தலனாகிய பவுல் காவலில் கட்டுண்டிருந்தபோது பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதியது என்று எல்லாரும் சொல்வார்கள். அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தையும் நிதானமாக வாசித்துப் பாருங்கள். தனக்கு உதவ வந்த எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்ததைச் சொல்லும்போது, “துக்கத்தின்மேல் துக்கம்” தனக்கு உண்டாகாதபடி தேவன் இரங்கினார் என்கிறார். அப்படியென்றால் ஏற்கெனவே ஒரு துக்கம் அவருக்குள் இருந்திருக்கிறது. அதை மறைக்காமல்தான் சந்தோஷமாயிருங்கள் என்று எழுதினார். அதிலும் ‘கர்த்தருக்குள்’ என்ற சொல்லைத் தவறவிடாதீர்கள். நடந்ததை நினைத்து மகிழும்படி அவர் யாரிடமும் கேட்கவில்லை.

எனக்கு அந்தச் சந்தோஷம் ஒரு சனிக்கிழமை வந்தது. சபையிலிருந்து ஒரு அக்கா வாராவாரம் வந்து, “நீ போய்த் தூங்கு” என்று என்னை அனுப்பிவிட்டு என் கணவர் பக்கத்தில் உட்காருவார். புத்திமதி எதுவும் சொல்லமாட்டார். மெதுவாகப் பாடிக்கொண்டிருப்பார். அன்று நான் எழுந்து வந்தபோது இரண்டு குரல் கேட்டது. என் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் இருந்தவர், பாட்டின் வரிகளைச் சொல் தவறாமல் பாடிக்கொண்டிருந்தார். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்கள் சிலரால் பாட முடியும் என்று மருத்துவர் பிறகு விளக்கினார். விளக்கம் தெரிந்த பிறகும் அதைத் தேவன் எனக்குத் தந்ததாகவே வைத்திருக்கிறேன். பிலிப்பி சிறையில், கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடியது அன்றுதான் எனக்கு விளங்கியது. கதவுகள் திறப்பதற்கு முன்பே அவர்கள் பாடிவிட்டார்கள்.

என் கணவருடைய வலது கை இன்னும் அசையவில்லை. அசையாமலே போகலாம். உயிர்த்தெழுதலை நம்புகிறேன், அந்த நாளில் இரண்டு கைகளையும் உயர்த்துவார். அதுவரை சனிக்கிழமைகளில் மூன்று பேரும் பாடுகிறோம்.

தூக்கமும் சாப்பாடும் அடியோடு போய்விட்டால் மருத்துவரைப் பாருங்கள், நானும் போனேன். இன்றிரவு 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். ஆறே வசனம்தான். நடுவில் அழுகை வந்தால் அழுதுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.