கடலடிக் கோடுகள்: கேள்வி-பதில்

கே: பூமியின் மேல் ஓடாக இருக்கும் தட்டுகள் ஆண்டுக்கு எவ்வளவு நகர்கின்றன?

ப: எந்தத் தட்டு என்று சொன்னால்தானே பதில் சொல்ல முடியும்? முகடு என்பது தட்டுகள் விலகிப் புதிய தளம் பிறக்கும் கடலடி மலைத்தொடர். அட்லாண்டிக் நடு முகட்டில் இருபுறமும் சேர்த்து 2, 3 செ.மீ. விலகுகின்றன. கிழக்குப் பசிபிக் முகட்டில் சில இடங்களில் 15 செ.மீ. வரை.

கே: பசிபிக் நெருப்பு வளையம் ஒரு முறிவு மண்டலம்தானே?

ப: இல்லை. முறிவு மண்டலம் என்பது முகட்டைக் குறுக்கே வெட்டும் நீளக் கோடு. பசிபிக்கைச் சுற்றியுள்ள இந்த எரிமலைப் பட்டையில் பெரும்பாலும் ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் புகுகிறது.

கே: நடுக்கடல் முகட்டைக் குறுக்கே வெட்டிப் போகும் நீளக் கோடுகள் எல்லாம் தட்டு எல்லைகள் என்கிறது என் புத்தகம். கோடு நெடுகிலும் நிலநடுக்கம் வருமா?

ப: இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. தப்பு உங்கள் மேல் இல்லை, அந்தப் படத்தை வரைந்தவர் மேல்தான்.

அட்லாண்டிக்கில் பூமத்திய ரேகையை ஒட்டி இருக்கும் ரோமான்ஷ் முறிவு மண்டலத்தைப் பாருங்கள். முகடு அங்கே அறுபட்டு, சுமார் 900 கி.மீ. தள்ளி மறுபடி தொடங்குகிறது. அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் மட்டும் ஒரு பக்கம் ஆப்பிரிக்கத் தட்டு, மறுபக்கம் தென் அமெரிக்கத் தட்டு. எதிரெதிராக உரசிக்கொண்டு போகின்றன. டிரான்ஸ்ஃபார்ம் பிளவு என்பது அந்தத் துண்டுதான். முனையைத் தாண்டிவிட்டால் கோட்டின் இருபுறமும் ஒரே தட்டு, ஒரே திசையில்தான் போகிறது. அங்கே இருப்பது முன்பு உரசியதன் பழைய தழும்பு. பிளவு, தழும்பு இரண்டும் சேர்ந்த முழு நீளத்துக்குத்தான் முறிவு மண்டலம் என்று பெயர்.

1965இல் கனடாவின் புவி இயற்பியலாளர் டூசோ வில்சன் இதைச் சொன்னபோது பலருக்கும் இடித்த விஷயம் வேறு. முகடு வலப்பக்கம் தள்ளி நின்றால், பிளவும் வலப்பக்கம் சறுக்கியிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். சறுக்கல் நேர் எதிர்த்திசையில் என்றார் அவர். 1967இல் அமெரிக்க நிலநடுக்கவியலாளர் லின் சைக்ஸ் நிலநடுக்கப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். அதிர்வுகள் முனைகளுக்கு நடுவில்தான் குவிந்திருந்தன. திசையும் வில்சன் சொன்னபடியே இருந்தது. ஆயிற்று, அறுபது ஆண்டு. ஒருமுறை ஒரு பாடநூல் படத்தைத் திருத்த என்னிடம் கொடுத்தார்கள். தழும்பின் மேல் போட்டிருந்த அம்புக்குறிகளை எல்லாம் அடித்து அனுப்பினேன். அச்சில் அவை சிவப்பு நிறத்தில், முன்னைவிடத் தடிமனாக வந்தன! அம்புக்குறியை நம்பாதீர்கள். முகடு எங்கே முடிகிறது என்று முதலில் பாருங்கள்.

கே: அப்படியானால் தழும்புப் பகுதியில் நிலநடுக்கமே வராதா?

ப: அப்படி நான் எப்போது சொன்னேன்? 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் ஒன்று வந்தது. தட்டு எல்லையில் அல்ல, தட்டுக்கு உள்ளே. அந்தக் கடல்தளத்தில் வடக்கு தெற்காகப் பழைய முறிவு மண்டலங்கள் ஓடுகின்றன. அழுத்தம் ஏறினால் அவை மறுபடி வேலை செய்யும். தளம் பக்கவாட்டில் சறுக்கியதால் பெரிய சுனாமி எழவில்லை.

கே: அரபிக்கடலில் உள்ள ஓவன் முறிவு மண்டலமும் தழும்புதானா?

ப: பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள். அது இந்தியத் தட்டுக்கும் அரேபியத் தட்டுக்கும் இடையே இன்றும் நகரும் எல்லை. ஆண்டுக்கு 3 மி.மீ. போல, அவ்வளவுதான். இங்கே முகட்டை மட்டும் பார்த்தால் போதாது, இருபுறமும் எந்தத் தட்டு என்று பார்க்க வேண்டும்.

கே: முறிவு மண்டலத்தின் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருப்பது ஏன்?

ப: வயது. புதிதாகப் பிறந்த தளம் சூடாக, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் இருக்கும். ஆறஆறத் தாழும். ஒரு கோடி ஆண்டில் 1,100 மீட்டர் இறங்கும். நான்கு கோடி ஆண்டில் 2,200. வயது நான்கு மடங்கானால் இறக்கம் இரண்டு மடங்கு. கோட்டின் இருபுறமும் வயது வேறு, அதனால் படி விழுகிறது. பசிபிக்கின் மெண்டோசினோ முறிவு மண்டலத்தில் அந்தப் படி ஒரு கி.மீ. உயரச் சுவராகவே நிற்கிறது.

கே: இந்தியப் பெருங்கடலில் கிழக்கு 90 டிகிரியில் நேராக ஓடும் மலைத்தொடர்?

ப: நேராக இருப்பதெல்லாம் முறிவு ஆகாது. வெப்பப் புள்ளி என்றால் பூமியின் உள்ளிருந்து சூடு மேலேறும் இடம். கெர்கெலன் வெப்பப் புள்ளியின் மேல் தட்டு வடக்கே நகர்ந்தபோது வரிசையாக முளைத்த எரிமலைகள் அவை.

கே: இணைய வரைபடத்தில் கடலடியில் தெருக்கள் போலக் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. படம் இணைத்துள்ளேன். முறிவு மண்டலமா, மூழ்கிய நகரமா?

ப: இரண்டும் இல்லை. ஒலியால் ஆழம் அளக்கும் சோனார் கட்டிய கப்பல் போய்வந்த தடமாகத்தான் இருக்கும். கப்பல் அளந்த பட்டை துல்லியமாக விழும். மற்ற இடம் செயற்கைக்கோள் ஈர்ப்பு அளவீட்டிலிருந்து கணித்தது, மங்கலாக இருக்கும். இரண்டையும் ஒட்டினால் தெரு மாதிரி தெரியும். எந்த இடம் என்று உறுதியாகச் சொல்ல, அடுத்த முறையாவது அட்சரேகை, தீர்க்கரேகையோடு அனுப்புங்கள்.