4294967297 பகா எண்ணா, பகு எண்ணா?

இது பகு எண்: 641 × 6700417. இவ்விரு காரணிகளும் பகா எண்கள் என்பதால், 1-ஐயும் அதனையும் சேர்த்து இதற்கு நான்கே வகுத்திகள் உண்டு.

இந்த எண் 2³² + 1. இவ்வடிவில் அடுக்கும் 2-இன் அடுக்காக அமைந்தால், கிடைப்பவை யாவும் பகா எண்களே என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா கருதினார். 3, 5, 17, 257, 65537 என முதல் ஐந்தும் அவ்வாறே அமைந்தன. ஆறாவதான இதனை 1732இல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் காரணிகளாக உடைத்தார். இதன் பகாக் காரணி எதுவும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 தர வேண்டும் என்பதால், 193, 257, 449, 577 ஆகியவற்றை அடுத்துச் சோதிக்க வேண்டியது 641.

நீள் வகுத்தலின்றியே இதை நிறுவலாம் என்பதே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 641 = 5 × 2⁷ + 1 என்பதால், 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுக்கக் கிடைக்கும் மீதியை −1 எனக் கொள்ளலாம்; அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1 ஆகும். 641 = 5⁴ + 2⁴ என்பதும் உண்மையாதலால் 5⁴-க்குப் பதிலாக −2⁴-ஐ இடலாம்; அப்போது −2³²-இன் மீதி 1, அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

இவ்வெண்ணை 65536² + 1² என்றும் 62264² + 20449² என்றும் எழுத முடியும். பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுத இவ்வாறு இரு வழிகள் அமையவே அமையா; எனவே இதுவும் இது பகு எண் என்பதைக் காட்டுகிறது.