ஹீத்கிளிஃபின் பழி யார்மேல் விழுந்தது?

கேள்வி: எமிலி பிராண்ட்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலில் ஹீத்கிளிஃப் ஓர் அநாதை. வளர்ந்த வீட்டிலேயே அவனை அடித்து, படிப்பை நிறுத்தி, பண்ணையாளாக ஆக்குகிறார்கள். அப்படி வதைபட்டவன் பழிவாங்கியது நியாயம்தானே? அவனைக் கொடியவன் என்று எழுதும் விமர்சகர்கள் எஜமானர்களின் பக்கம் நிற்பவர்கள் என்றே நான் கருதுகிறேன். தங்கள் கருத்து என்ன?

பதில்: அந்தச் சிறுவனுக்கு இழைக்கப்பட்டது கொடுமை என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. நீங்கள் சொல்லியிருப்பதைவிடவும் அது பெரியது. லிவர்பூல் தெருவில் பசியோடு திரிந்த அவனைப் பெரியவர் எர்ன்ஷா 60 மைல் தூரம் நடந்தே வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த இரவில், வீட்டார் அவனை ‘அது’ என்றுதான் பேசுகிறார்கள். பிள்ளைகள் தங்கள் படுக்கையில் அவனுக்கு இடம் தரவில்லை. விடிவதற்குள் எங்கேனும் போய்விடட்டும் என்று வேலைக்காரப் பெண் நெல்லி அவனை மாடிப்படித் தளத்தில் விட்டுவிடுகிறாள். இறந்துபோன ஒரு மகனின் பெயரை அவனுக்குச் சூட்டினார்கள். எர்ன்ஷா என்ற குடும்பப் பெயரை மட்டும் கடைசிவரை தரவில்லை. கதை நிகழும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லிவர்பூல் அடிமை வாணிபத்தில் கொழித்த துறைமுகம். சிறுவனின் கறுத்த தோற்றத்தைக் கண்ட அண்டை வீட்டு லிண்டன், அவன் ஒரு குட்டி லஸ்கராகவோ, அமெரிக்காவிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ வந்து கரை ஒதுங்கியவனாகவோ இருக்கலாம் என்கிறார். லஸ்கர் என்பது நம் நாட்டுக் கடலோடிகளை ஆங்கிலேயர் அழைத்த பெயர். அவன் எங்கே பிறந்தவன் என்பதை ஆசிரியர் எந்த இடத்திலும் சொல்லவில்லை.

பெரியவர் இறந்ததும் மகன் ஹிண்ட்லி எஜமானன் ஆகிறான். ஹீத்கிளிஃபை வேலைக்காரர்களோடு தள்ளி, பாதிரியாரிடம் படித்துவந்த பாடத்தை நிறுத்தி, வயலில் உழைக்கவைக்கிறான். ஒரு கிறிஸ்துமஸ் நாளில் அடிபட்டுப் பரணில் பூட்டப்பட்ட சிறுவன் அன்றிரவு அடுப்பங்கரையில் உட்கார்ந்து, எத்தனை காலம் ஆனாலும் ஹிண்ட்லிக்குத் திருப்பிக் கொடுப்பேன் என்று நெல்லியிடம் சொல்லும் இடத்தை எத்தனை முறை படித்தாலும் என் நெஞ்சு அவன் பக்கமே சாய்கிறது.

இதுவரை உங்களோடு வருகிறேன். ஆனால் பழிவாங்கினான் என்று எழுதிய நீங்கள், யாரைப் பழிவாங்கினான் என்று எழுதவில்லை. ஹிண்ட்லியையா? மனைவியை இழந்து, குடித்துக் குடித்துத் தன்னைத் தானே அழித்துக்கொண்டிருந்த அந்த மனிதனோடு சூதாடி, கடன் கொடுத்து, நிலம் முழுவதையும் ஹீத்கிளிஃப் அடமானமாக வாங்கிக்கொண்டான். கதை அங்கே முடிந்திருந்தால் உங்களோடு வாதிட எனக்கு எதுவும் இருந்திருக்காது. அதற்குப் பிறகும் நாவல் நெடுந்தூரம் போகிறது. 1939இல் வந்த புகழ்பெற்ற ஹாலிவுட் படம் இவர்களுடைய பிள்ளைகளான இரண்டாம் தலைமுறையின் கதையை விட்டுவிட்டது. ஹீத்கிளிஃபை வெறும் காதல் நாயகனாகப் பலர் மனத்தில் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அண்டை வீட்டு லிண்டனின் மகள் இசபெல்லா, சிறுமியாக இருந்தபோது அவனைப் பார்த்து அருவருத்துச் சொன்ன சொல்லைத் தவிர அவனுக்கு எந்தத் தீங்கும் செய்ததில்லை. அவளை மணந்து வதைத்தான். தான் நேசித்த, ஹிண்ட்லியின் தங்கை கேத்தரீனின் மகளை, தாயின் பெயரையே கொண்ட இளைய கேத்தரீனைப் பூட்டிவைத்து, சாகக் கிடக்கும் தன் மகனுக்கு மணமுடித்தான். மனைவியின் அசையும் சொத்தைக் கணவனுக்கு உரியதாக்கிய அன்றைய சட்டம் அவளுடைய சொத்தை அவன் கைப்பற்றத் துணை நின்றது. அந்த மகன் நோயில் கிடந்தபோது ஒரு காசு செலவழிக்கமாட்டேன் என்றான்.

இவர்கள் எல்லோரையும்விட ஹேர்ட்டனைப் பற்றித்தான் உங்களிடம் பேச விரும்புகிறேன். அவன் ஹிண்ட்லியின் மகன். தகப்பனின் அடக்கத்தன்று அந்தக் குழந்தையை மேசைமேல் தூக்கி நிறுத்தி, ஒரு மரத்தைக் கோணலாக்கிய காற்று இன்னொன்றையும் கோணலாக்காதா, பார்த்துவிடுவோம் என்கிறான் ஹீத்கிளிஃப். சொன்னதைச் செய்தும் காட்டினான். சொந்த வீட்டிலேயே கூலியில்லாத வேலைக்காரனாக வளர்ந்த ஹேர்ட்டனுக்கு, இருபது வயது கடந்த பிறகும் வாசல்மேல் செதுக்கியிருக்கும் தன் பெயரைப் படிக்கத் தெரியவில்லை. தனக்கு அநீதி நடந்திருக்கிறது என்பதும் தெரியவில்லை. அந்த இளைஞன் படும் அவமானம் எப்படிப்பட்டது என்று தனக்குத் துல்லியமாகத் தெரியும், தானே அதை அனுபவித்தவன் என்று ஹீத்கிளிஃப் நெல்லியிடம் சொல்கிறான். பொறாமையால் ஹிண்ட்லி செய்த கொடுமையை, அதன் வலி இன்னதென்று அறிந்த ஒருவன், எதிர்த்துப் பேச ஆளில்லாத ஒரு குழந்தையின்மீது வருடக்கணக்கில் நிகழ்த்தினான். இதற்கு நியாயம் என்ற சொல்லை உங்களால் எப்படிக் கொடுக்க முடிகிறது?

தான் செய்வது இன்னதென்பதை அவனே வாய்திறந்து சொல்லியும் இருக்கிறான். கொடுங்கோலன் நசுக்கும்போது அடிமைகள் அவனை எதிர்ப்பதில்லை, தங்களுக்குக் கீழே இருப்பவர்களைத்தான் நசுக்குகிறார்கள் என்று மூத்த கேத்தரீனிடம் சொல்பவன் ஹீத்கிளிஃப்தான். ஆகவே அவனைக் கண்டிப்பவர்கள் எல்லோரும் எஜமானர்களின் ஆட்கள் என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஹேர்ட்டனின் பக்கம் நின்றும் அவனைக் கண்டிக்கலாம். அவனைப் பிறவிக் கொடியவன் என்று எழுதிவிட்டுப் போகும் விமர்சகர்களையும் நான் ஏற்கவில்லை, ஏனெனில் அவர்கள் மாடிப்படித் தளத்தில் விடப்பட்ட சிறுவனை மறந்துவிடுகிறார்கள். எமிலியின் சகோதரி ஷார்லட்டே 1850ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், இப்படி ஒரு பாத்திரத்தைப் படைப்பது சரிதானா என்று ஐயப்பட்டார். எனக்கு அந்த ஐயம் இல்லை. வதைபட்டவன் வதைப்பவனாக மாறுவதை இத்தனை நேர்மையோடு, யாருக்கும் சலுகை காட்டாமல் எழுதிய நாவல்கள் மிகக் குறைவு.

32ஆம் அத்தியாயத்திலிருந்து இறுதிவரை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். விதவையாகி, சல்லிக்காசில்லாமல் அந்த வீட்டில் அடைபட்டிருக்கும் இளைய கேத்தரீன், ஒரு புத்தகத்தை வெள்ளைத் தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி, ஹேர்ட்டன் எர்ன்ஷா என்று முழுப்பெயரையும் எழுதிக் கொடுக்கிறாள். வாங்கிக்கொண்டால் படிக்கக் கற்றுத்தருவேன் என்று சொல்லியனுப்புகிறாள். ஹீத்கிளிஃப் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக மறுத்துவந்த படிப்பு அந்த வீட்டு அடுப்பங்கரையிலேயே தொடங்குகிறது. சில வாரங்களில் ஹீத்கிளிஃப் இறந்துபோகிறான். அவனுடைய உடலருகே இரவெல்லாம் உட்கார்ந்து மனமார அழுதவன் ஹேர்ட்டன் ஒருவன்தான்.